பின்பாரம்

எடைமேடையில் ஒரு லாரி ஏறி, எண் அடங்கி, சீட்டு வாங்கிக்கொண்டு இறங்க நான்கு நிமிடம் ஆகும். அடுத்த லாரி வரும்வரை, சீட்டு போடும் அவளுக்குக் கிடைப்பது சில சமயம் பத்து நிமிடம், சில சமயம் மூச்சுவிடும் நேரம். அந்தச் சந்தில்தான் பதினோரு கௌபாய் நாவல்களை எழுதி முடித்திருந்தாள். காகிதத்துக்குப் பஞ்சமில்லை. தப்பாக அச்சான எடைச் சீட்டுகளின் முதுகு முழுக்கக் குதிரைகள் ஓடின. நிஜக் குதிரையை அவள் தொட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. "குதிரை எந்தப் பக்கம் உதைக்கும்னே தெரியாதவ எழுதுற கதை" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்துவிட்டு முதல் பிரதியை அவர்தான் தூக்கிக்கொண்டு போவார்.

மேனேஜரின் கிண்டல் வேறு ரகம். அந்த மேடை இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும் காட்டாது. "ஏம்மா, உன் மொத்தக் கதையையும் கொண்டுபோய் மேடை மேல வை. பூஜ்யம்தான் காட்டும்" என்பார். வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். சொன்னதையே சொல்ல அலுக்காத மனிதர்கள் உண்டு, அவர்களோடுதான் நாம் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாவது நாவலில் சோதனை வந்தது. பதிப்பாளர் போன் செய்தார்.

"என்னம்மா, பதினோரு கதையிலயும் கடைசில சுட்டான், செத்தான். படிக்கிறவங்க கடைசிப் பக்கத்துக்கு வராமலே மூடி வைக்கிறாங்க. இதுவும் துப்பாக்கிலதான் முடியும்னா இதோட நிறுத்திக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிவை அனுப்பு."

வெள்ளிக்கிழமை மதியம் வரை ஒன்றும் ஓடவில்லை. கொள்ளைக்காரன் தங்க மூட்டைகளை வண்டியோடு ஓட்டிக்கொண்டு மலையேறுகிறான், கதாநாயகன் கீழே நிற்கிறான். அவன் கை துப்பாக்கிக்குத்தான் போனது. வேறு வழி தெரியாமல் சுடவிட்டாள். எழுதி முடித்ததும் அழுகை வந்தது, இத்தனை வருட உழைப்பும் தன் கையாலேயே முடியப்போகிறது என்று. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பி லோடு வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டு கொடுத்தவள், கதையின் கடைசிப் பக்கத்தையும் கவனிக்காமல் அதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, நான் மீசை பேசுறேன்." கம்பி லோடு டிரைவர். பெயர்தான் மீசை, முகம் மழமழவென்று இருக்கும். "பெட்ரோல் பங்குல சீட்டைப் பிரிச்சா, கூட ஒரு காகிதம். அதுல யாரோ யாரையோ சுடுறான். நீங்களாக்கா எழுதுறீங்க?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஆமா தம்பி. அதைக் கொஞ்சம் வாசிங்க, எழுதிக்கிறேன்."

"வாசிக்கிறது இருக்கட்டும். இது நடக்காதுக்கா."

"எது நடக்காது?"

"மூட்டையெல்லாம் பின்பக்கம் கிடக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு சக்கர வண்டி, ஏறுற இடமோ மேடு. இவன் எதுக்குச் சுடணும்? பின்பாரம் தாங்காம வண்டி தானா குடை சாஞ்சிருக்குமே. தினம் எடை போடுற உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா? "முன்னால தள்ளிக் கட்டிட்டு வாங்க, மேட்டுல மூக்கைத் தூக்கும்" என்று எத்தனை லாரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

மணி மூன்றரை. இப்போது கொள்ளைக்காரன் துப்பாக்கி முனையில் கதாநாயகனையே மூட்டை ஏற்றச் சொன்னான். அவனும் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொன்றாக, பின்பக்கமாகவே அடுக்கினான். அடுக்கிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தான். நடுவில் நான்கு லாரிகள் வந்தன. நான்குக்கும் சீட்டு போட்டாள், அவன் பாறையிலேயே காத்திருந்தான். பாதி மேட்டில், குதிரை பூட்டிய ஏர்க்கால் வானத்தைப் பார்த்தது, வண்டி குடை சாய்ந்தது, தங்கத்துக்கடியில் கொள்ளைக்காரன் அலறினான். வார் அறுந்த குதிரை மட்டும் சாவகாசமாக இறங்கி வந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பக்கங்களைப் போனில் படமெடுத்து அனுப்பினாள்.

ஐந்தேகாலுக்குப் பதிப்பாளர் அழைத்தார். கொஞ்ச நேரம் சிரிப்பு மட்டும் கேட்டது.

"ஒரு குண்டுகூடச் செலவாகலையேம்மா. அவன் மூட்டை அடுக்கும்போது எனக்கே புரியல, முட்டாளாக்கிட்ட. இந்தத் தடவை ரெண்டு பங்கா அடிக்கிறேன். நீ பதிமூணாவதை ஆரம்பி."

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்து வந்த லாரிக்காரருக்குக் காரணமே இல்லாமல் வணக்கம் சொன்னாள். அவர் பயந்துபோய்ச் சீட்டை இரண்டு தடவை சரிபார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து மீசையின் லாரி மேடையில் ஏறியது, தார்ப்பாய் போட்டு மூடி.

"என்ன சரக்கு தம்பி?"

"அச்சகத்துல ஏத்தினேன்க்கா. வாடகை எடைக்குத்தான், சீட்டு போடுங்க. முன்னால தள்ளித்தான் கட்டியிருக்கேன்." தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினான். கட்டுக்கட்டாகப் புத்தகம். அட்டையில் குடை சாய்ந்த வண்டியும், பாறைமேல் உட்கார்ந்த ஒருவனும், அவள் பெயரும்.

எண் அடங்கியது. வெற்று வண்டி எடையைக் கழித்தாள். சரக்கு என்ற இடத்தில் 'கதை' என்று அடித்தாள். நிகர எடை 2160 கிலோ. கையெழுத்துக்காக மேனேஜரிடம் நீட்டினாள். அவர் சீட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"நீங்க சொன்ன பூஜ்யம் இருக்கு சார்," என்றாள் அவள். "கடைசில இருக்கு பாருங்க."

மேனேஜர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.