மழையில்லாத மார்கழியில் சொட்டிய கண்ணாடி

யாரையாவது சந்தேகப்படாவிட்டால் ஷகிலாவுக்குச் சாப்பிட்ட சோறு செரிக்காது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், மீட்டர் பார்க்க வருகிறவன் பார்க்காமலே எழுதிவிட்டுப் போகிறான், எதிர்வீட்டுக்காரி தன் கோழிமேல் கண்வைக்கிறாள் என்று ஒவ்வொரு நாளைக்கும் ஒரு ஆள் கைவசம் இருக்கும். எண்பத்தாறாம் வருஷம் அரூரில் வீட்டுக்குப் பின்னால் தையல் கூடம் கட்டியபோது அந்த முறை குப்புராஜுக்கு வந்தது.

குப்புராஜ் மொரப்பூரில் கண்ணாடி வேலை செய்கிறவர். ஷகிலாவின் கூடத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து தைக்க வேண்டும். அதில் பாதிப்பேர் வெளியாள் கண்ணில் படாத கோஷா வீட்டுப் பெண்கள் என்பதால் பின்தெருப் பக்கம் ஜன்னல் வைக்க முடியாது. மற்ற மூன்று பக்கமும் தன் வீட்டுச் சுவரும் அடுத்தவர் சுவரும். வெளிச்சம் கூரை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

"எதுக்குங்க கண்ணாடிய வடக்குப் பாத்து வெக்கறீங்க? கெழக்குன்னா காலைல நல்லா வெயில் வருமில்ல?" என்று கேட்டாள் ஷகிலா.

"வெயில் வேணாங்க பாயம்மா, வெளிச்சந்தான் வேணும். வெள்ளைத் துணிமேல நேரா வெயில் வுழுந்தா கண்ணு கூசும், ஊசி தெரியாது. கூடமும் அடுப்பாட்டம் காயும்."

கண்ணாடி ஏன் மங்கலாக இருக்கிறது என்று அடுத்து கேட்டாள். கடையில் விலைபோகாமல் கிடந்த சரக்கைத் தன் தலையில் கட்டுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். மங்கல் கண்ணாடிதான் வெளிச்சத்தைக் கூடம் முழுக்கப் பரப்பும், தெளிவான கண்ணாடி ஒரே இடத்தில் கொட்டும் என்றார் அவர். கூரைத் தளத்தில் திறப்பு விட்டு, அதைச் சுற்றி முக்கால் அடிக்குச் சுவர் எழுப்பி, இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைச் சரித்து உட்காரவைத்தார். மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, மழை அடிக்காமல் தகரத்தை மடித்து, கம்பிவலை அடித்தார்.

"இத மட்டும் அடைச்சுடாதீங்க. உள்ள இருக்கற ஈரமெல்லாம் இது வழியாத்தான் வெளிய போவணும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இரண்டு தடவை சொன்னதுதான் வினையாயிற்று; அதனாலேயே ஷகிலா அந்த இடைவெளியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுச் சென்னப்பனின் மாடிப்படி அந்த இடைவெளிக்கு நேர் எதிரே இருந்தது. சென்னப்பன் பாவம், மாடிக்கு வருவதே மிளகாய் காயவைக்கத்தான். ஆனாலும் அவர் குனிந்தால் கூடத்துப் பெண்கள் தெரிவார்கள் என்று ஷகிலாவுக்கு மனசு அரித்துக்கொண்டே இருந்தது. கார்த்திகையில் ஒருநாள் மதியம் பழைய துணியைத் திணித்து, மேலே சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு பள்ளி விடுதிக்கு வெள்ளைச் சட்டை தைக்கும் வேலை வந்தது. பொங்கலுக்கு முன் கொடுக்க வேண்டும். முதல் பெரிய வேலை. இது கெட்டால் அடுத்த வருஷம் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தைத்த பிறகு சுருங்காமல் இருக்க, துணியை முதலிலேயே நனைத்துக் காயவைப்பது அவர்கள் வழக்கம். மாடியில் போட்டால் எவனாவது உருவிக்கொண்டு போய்விடுவான் என்று, ஷகிலா ராத்திரிக்கு ஈரத்துணி முழுவதையும் கூடத்துக்குள்ளேயே கொடியில் போட்டுக் கதவைப் பூட்டினாள்.

நான்காம் நாள் காலை, கூடத்தில் தைக்கிற குள்ளம்மாளின் இடத்தில் இருந்த சட்டை அடுக்கில் செம்பழுப்பாக இரண்டு கறை. மறுநாள் மூன்று. மழை நின்று ஒரு மாதமாகிறது. ஷகிலா மாடிக்கு ஏறிப் பார்த்தாள். தளம் வறண்டு கிடந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

குள்ளம்மாள் வெற்றிலை போடுகிறவள். காலர் வைப்பதில் அந்தக் கூடத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாய்விட்டுச் சிரிக்கிறவள்; அவள் சிரித்தால் பத்து மிஷினும் ஒரு நிமிஷம் நிற்கும். ஷகிலா இரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்த்திருந்தாள். மூன்றாம் நாள் இன்னும் நான்கு சட்டை கெட்டுப்போனதும் பொறுக்கவில்லை.

"குள்ளம்மா, எந்திரி. வாயத் தெற."

"கூடத்துக்குள்ள நான் வெத்தல போடறதில்லீங்க பாயம்மா. கொப்புளிச்சிட்டுத்தானுங்க வரேன்."

"தெறன்னு சொன்னேன்."

கூடமே பார்த்திருக்கக் குள்ளம்மாள் வாயைத் திறந்தாள். சிவந்த பல்லைத் தவிர ஒன்றுமில்லை. ஷகிலா அதையே போதுமான சாட்சியாக எடுத்துக்கொண்டாள். குள்ளம்மாள் கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாளும் அதே இடத்தில் கறை. ஆளில்லாத இடத்தில் யார் துப்பினது? போகும்போது ஏதாவது மந்திரித்துப் போட்டுவிட்டாளோ என்றுகூட ஷகிலாவின் புத்தி ஒரு கணம் போனது. தங்கை பரிதாதான் அதட்டி, குப்புராஜுக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் காலை முதல் வண்டிக்கு வந்துவிட்டார். கூடத்தைத் திறந்ததும் நேராக ஸ்டூலில் ஏறி, கண்ணாடியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிக் காட்டினார். உள்ளங்கை முழுக்க நீர். சட்டத்தின் கீழ்முனையைத் தொட்ட விரலில் துருக்கறை. ராத்திரிப் பனியில் கண்ணாடி குளிர்ந்துபோக, கொடியிலிருந்த துணியின் ஈரம் அதில் போய்ப் படிந்து, சரிவில் வழிந்து, துருவையும் கழுவிக்கொண்டு குள்ளம்மாளின் இடத்தில் சொட்டியிருக்கிறது. வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

"நான் வுட்ட சந்துல ஈரம் போயிருக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே மாடிக்குப் போனார். பின்னாலேயே ஷகிலாவும் போனாள்.

"யாருங்க இத அடைச்சது?"

பொய் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. "நான்தாங்க. சென்னப்பன் வூட்டுப் படியில இருந்து தெரியும்னு..."

குப்புராஜ் சிமெண்டைக் கொத்தித் துணியை இழுத்துப் போட்டார். "குனிஞ்சு பாருங்க" என்றார். ஷகிலா குனிந்து பார்த்தாள். கூடத்துக்குள் எதிர்ச்சுவரில் ஒரு முழம் சுண்ணாம்பு தெரிந்தது. தலையை எப்படித் திருப்பினாலும் அதுதான்; பெண்கள் உட்காரும் இடம் கண்ணுக்கு எட்டவே இல்லை.

அன்றைக்கே சித்தேரி பஸ்ஸில் ஏறி, மலையடிவாரத்தில் குள்ளம்மாளின் ஊரில் இறங்கினாள். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த குள்ளம்மாள் எழுந்து, முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, "வாங்க பாயம்மா" என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவள் கணவன் மாதப்பன் மெதுவாகச் சொன்னான்: "அன்னிலேருந்து செங்கல்லுப் பொடி போட்டுப் போட்டுப் பல்லத் தேய்க்கறா. ஈறெல்லாம் புண்ணு. சொன்னா கேக்கறதில்ல."

ஷகிலா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையது, கூடத்தில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்கிறேன், நாளைக்கே வா என்றாள்.

"சொல்லுங்க, நல்லதுதானுங்க. ஆனா நான் வரல."

"அதான் உம்மேல தப்பில்லன்னு ஆயிடுச்சே, குள்ளம்மா."

"ஆயிடுச்சுங்க. நாளைக்கு நான் அங்க வந்து ஒக்காந்தா யாரும் என் காலரப் பாக்க மாட்டாங்க. என் வாயத்தானுங்க பாப்பாங்க."

பஸ் வரும்வரை குள்ளம்மாள் கூடவே வந்து நின்றாள். அது வந்து புறப்படும்வரை முந்தானை வாயை விட்டு இறங்கவே இல்லை.