பால்கனியில் சேறு

"ஒரு மாசமா நாத்தம்தான் வருது, ஒண்ணும் முளைக்கக் காணோம். செத்த சேறு," என்று பால்கனித் தட்டுகளைக் காட்டி அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"செத்ததுன்னு யாரு சொன்னா? சதுப்புல இருந்து அள்ளிட்டு வந்தது, உள்ள விதைங்க தூங்குது. தண்ணிக்கடியில வளர்றது, மிதக்கிறது, கரையோரக் கோரைன்னு ஒரு சதுப்பு நிலமே இதுக்குள்ள இருக்கு."

"அப்போ அதுங்களுக்கே தாலாட்டுப் பாடுங்க. நான் தூங்கப் போறேன்."

அவள் கணவர் சிரித்தார். அது போன வாரம்.

இன்று விடியும்போது ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றது. உடல் வீட்டுக்கு வர மத்தியானமாகும் என்றார்கள். வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று, தட்டுகளிலிருந்த சேற்றை வாளியில் வழித்துக் கீழே சாக்கடையில் கொட்டினாள். பினாயில் ஊற்றித் தேய்த்தாள். அழுகை வரவில்லை, கைகளுக்கு ஏதோ வேலை வேண்டியிருந்தது.

"அப்பாடா, இப்பதான் வீடு மாதிரி இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார்.

அவரைக் கூடத்தில் கிடத்திய பிறகு, அவரோடு தாவரக் கணக்கெடுப்புக்குப் போகும் பெண் வந்தாள். அழுது ஓய்ந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டெல்லாம் உள்ள எடுத்து வெச்சுட்டீங்களாக்கா? சதுப்போட தெற்குக் கரையில மண்ணடிச்சு ரோடு போட்டுட்டாங்க. அங்க இருந்த விதை இதுல மட்டும்தான் மிச்சம்."

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"நீங்க பத்திரமாத்தான் வெச்சிருப்பீங்க. 'நான் மறந்தாலும் வீட்டம்மா தண்ணி தெளிக்க மறக்க மாட்டா'ன்னு சார் பெருமையடிச்சுக்கிட்டே இருப்பாரு."

ஒரு நாள்கூட இவள் தெளித்ததில்லை. கூடம் வரை பினாயில் வாடை அடித்தது. அவர் முகத்தைப் பார்க்க இவளால் முடியவில்லை.

"கொட்டிட்டேம்மா," என்றாள். "காலையில. தண்ணியும் அவரேதான் தெளிப்பாரு. நான் தொட்டதே இல்ல."

அந்தப் பெண்ணின் பிடி தளர்ந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

ஞாயிறுதோறும் சதுப்புக்குக் கிளம்ப அவர் ரப்பர் பூட்ஸ் மாட்டும்போது ஒரு பேச்சு இவள் தொண்டை வரை வரும். வாயைத் தாண்டும்போது கேலியாகிவிடும். அவராகக் கூப்பிடட்டும் என்று இவள் இருந்துவிட்டாள். இவளுக்குப் பிடிக்காது என்று அவர் இருந்துவிட்டார்.

"மத்த கரையெல்லாம் இருக்கில்ல?" என்று கேட்டாள். "எனக்குச் சேத்துல இறங்கி நடக்கத் தெரியாது. ஒரே ஒரு தடவை... என்னையும் கூட்டிட்டுப் போறியாம்மா?"