அறிவிப்புக்கு நடுவில் ஒரு மூச்சு

“ஆறாவது மேடையில்…” என்று மைக்கில் சொன்னதோடு அவளுக்குக் காற்று தீர்ந்துவிட்டது. இழுத்து நிரப்பிக்கொண்டு “துறைமுகம் செல்லும் வண்டி” என்று முடிப்பதற்குள் பேருந்து நிலையத்தில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு ஆறாவது மேடைக்கு ஓடியிருந்தார்கள். மலையடிவாரம் போகவேண்டியவர்கள் துறைமுக வண்டியில் ஏறி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கி, அவள் இருந்த கண்ணாடி அறையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனார்கள். அந்த வாரத்தில் இது முதல் தடவையும் அல்ல.

நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. மேடை, ஊர், வழி, நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பதில் அவளுக்குப் பெருமை. கொஞ்சம் தலைக்கனம் என்றும் சொல்லலாம். முகம் தெரியாத யாரோ ஒருவரின் நுரையீரலைப் பொருத்திக்கொண்டு ஆறு வருடத்துக்கு முன் வேலைக்குத் திரும்பிய அன்றும் அப்படித்தான் சொன்னாள். அப்புறம் பழைய மூச்சுக்குழாயும் புதியதும் சேர்ந்த இடம் சுருங்கியது. வலை மாதிரி ஒரு சின்னக் குழாயை உள்ளே வைத்து விரித்துவிட்டார்கள். சளி அடைக்கும்போதெல்லாம் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். அதையெல்லாம் சமாளித்தாயிற்று. இப்போது உடம்பே அந்த நுரையீரலை வேண்டாம் என்கிறது.

“போன மூச்சு திரும்பாதும்மா. மிச்சத்தப் பிடிச்சு நிறுத்தத்தான் மருந்த மாத்துறேன்,” என்றார் டாக்டர், பூசி மெழுகாமல்.

“ஆறு வருஷம் ஒண்ணா இருந்துட்டு இப்பப் போயி சண்டையா டாக்டர்?” என்று அவரைச் சிரிக்க வைத்துவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். சாவு பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்று அவளை அழவைத்தது மைக்தான்.

மைக்குக்கு ஆள் வந்துவிட்டது. ஆள்கூட இல்லை, பதிவு செய்த குரல். டைம்கீப்பர் நல்ல மனிதர்; அதனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“திங்கக்கெழமலேர்ந்து கம்ப்யூட்டரே சொல்லிடும்க்கா. நீங்க விசாரணை கவுண்டர்ல உக்காந்துக்கலாம்.”

கவுண்டரில் ஊர் இருமல் எல்லாம் முகத்துக்கு நேரே வரும். அவள் உடம்புக்கு அது ஆகவே ஆகாது. வீட்டுக்குப் போ என்பதை அவர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பால் பொங்கி வந்தது. “ஏங்க” என்று கூப்பிட்டாள், அவ்வளவுதான், காற்று போய்விட்டது. கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து நின்றார். சும்மா நின்றார். அவளுக்கு மூச்சு வரும்வரை எங்கேயும் ஓடவில்லை.

“என்ன, கூப்ட்டுட்டு முழிக்கிற?”

“வழி கெடச்சிடுச்சு. மொதல்ல ஆளக் கூப்புடணும். விஷயத்த அப்பறம் சொல்லிக்கலாம்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்பை அணைத்து, பொங்கி வழிந்ததைத் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் டைம்கீப்பர் அவள் அறையில், பதிவுக் குரல் இருந்த புதுப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“காலைக் கூட்டத்த மட்டும் எங்கிட்ட விடுங்க தம்பி. ஒருத்தர் வண்டி மாறி ஏறுனாலும் நானே சுவிட்சப் போட்டுடறேன்.”

அவர் தலையைச் சொறிந்தார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மைக்கைத் திறந்தாள்.

“துறைமுகம்,” என்றாள். நிறுத்தினாள். முன்பெல்லாம் மைக்கை மூடிவிட்டுத்தான் மூச்சு வாங்குவாள்; இன்று மூடவில்லை. அந்த இழுப்பு எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது, கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். வெளியே துறைமுகத்துக்காரர்கள் மட்டும் பையை எடுத்தார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் பேச்சை விடவில்லை.

“ஆறாவது மேடை.”

நடந்துதான் போனார்கள். டைம்கீப்பர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். மலையடிவாரத்தையும் அப்படியே அனுப்பிவைத்தாள்.

“ஆற்றுப்பாலம்,” என்றாள். இந்தத் தடவை காற்று வர நேரமாயிற்று. பையைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து நின்றார்கள். யாரோ ஓர் ஓட்டுநர், சரியாகக் கேட்கட்டும் என்று இன்ஜினை அணைத்தார். அவள் அவசரப்படாமல் மூச்சை இழுத்தாள்.