பதினாலு படி

கதவைச் சாத்தியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் மனசுக்கு என்ன வைத்தியம்? பத்து வயது மகளை உள்ளே அழைத்துப்போன ஆலோசகர் அம்மா அரைமணி நேரமாக என்னத்தைப் போட்டு வாங்குகிறாளோ. பெஞ்சில் காத்திருந்தவள் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். விட்டுப்போன தையலையும் தொங்கும் நூலையும் தேடியே பழகியவள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப மாட்டாள்.

மகளுக்குப் பரம்பரைக் கண்நோய். மங்கிய வெளிச்சத்தில் கண் தெரியாது, பக்கப் பார்வையும் போகப்போகக் குறுகுமாம். அதுகூடப் பரவாயில்லை. மூன்று மாதமாகப் பிள்ளை பேசுவதில்லை, சோற்றை அளைகிறாள், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள்.

ஆலோசகரின் ஃபைலில் 'தாயின் வேலை' என்று ஒரு கட்டம் இருந்தது. அது எதற்கு? கம்பெனியில் கண் முகாம் நடத்துவதும் இந்த ஆஸ்பத்திரிதான். மூன்று மாதத்துக்கு முன் நடந்த முகாமில் பார்வைக் கோளாறு என்று சிக்கிய பக்கத்து டேபிள்காரியை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவள் வயிற்றுவலி என்று லீவு போட்டுத் தப்பித்தாள். மகளுக்கு நோய் வந்ததே இவள் வழியாகத்தான். சாயங்கால ஷிப்ட் முடிந்தால் சுவரைத் தடவித்தான் வீடு சேர்வாள். அது தெரிந்தது மகளுக்கு மட்டும்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அம்மாவுக்கு வேலை போயிடும். அப்புறம் சோத்துக்கு என்ன பண்றது?" என்று லீவு போட்ட அன்றைக்கே மகளிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

கதவு திறந்தது.

"வாயே திறக்கல," என்றாள் ஆலோசகர். "என்ன கேட்டாலும் கதவையே பாக்குறா. எதையோ மனசுக்குள்ள பூட்டி வெச்சிருக்கா. வீட்ல ஏதாவது பிரச்சனையா? எங்கிட்ட சொல்லுங்க, வெளிய போகாது."

வெளியே போகாதாம். எல்லாரும் சொல்வதுதான்.

"ஒண்ணுமில்லீங்க. சின்னதுலேருந்தே அவ அப்படித்தான்."

ஆலோசகர் ஃபைலில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தும் தெரியவில்லை.

மாடிப்படியில் பல்பு எரியவில்லை. மேல்படியிலேயே இருவரும் நின்றார்கள்.

"நான் எதுவும் சொல்லலம்மா," மகள் கிசுகிசுத்தாள். "பதினாலு படி. வரும்போதே எண்ணிட்டேன்."

பின்னாலேயே ஆலோசகரின் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"அம்மா, எனக்குப் படி தெரியல. நீ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

சொல்லிவிட்டு, காலால் துழாவித் தானே முன்னால் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் அம்மாவின் உள்ளங்கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.