திரைக்குள் நீட்டிய தேத்தண்ணி

“மூணு ஆம்புளைகள் புரண்டு படுக்கிற பெட்டிக்குள்ள எனக்கு மட்டும் இடமில்லயா மச்சான்?”

“மெல்லப் பேசு பாயிஸா, தெருவே கேக்குது!” என்று அவள் வாப்பா மஹ்மூத் நானா கத்தினார். உண்மையில் அவர் கத்திய பிறகுதான் எங்கள் கட்டுக்கலைத் தெரு வாசலுக்கு வந்தது. நான் வரவேண்டிய அவசியமிருக்கவில்லை. தைத்து முடித்த திரைச்சீலையைக் கொடுப்பதற்காக ஏற்கெனவே அந்த முற்றத்தில் நின்றிருந்தேன். கொடுத்தாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குத் திரும்ப ஒரு காரணமும் தோன்றவில்லை.

“நிகாஹ் முடியட்டும் பாயிஸா, நானே கூட்டிட்டுப் போறன்” என்றான் ஹலீம்.

“நிகாஹ் முடிஞ்சா அடுப்படிக்குத்தான் கூட்டிட்டுப் போவீங்க. அங்க கடல் ஈக்கா?”

ஹலீம், மஹ்மூத் நானாவின் தங்கை மகன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். பாயிஸாவுக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்தது. ஆனாலும் மஹ்மூத் நானாவுக்கு, பேருவளையிலிருந்து வந்து இரண்டு தடவை பெண் கேட்டுப்போன மாணிக்க வியாபாரி மேல் ஒரு கண். மனைவியை இழந்தவர், வயசாளி, விரலுக்கு விரல் மோதிரம். ஹலீம் ஒரு சின்னப் பிழை விட்டாலும் போதும், பெண் பேருவளைக்குப் போய்விடும் என்பது பாயிஸாவுக்குத் தெரியும், ஹலீமுக்கும் தெரியும், எனக்குத் தெரியாமல் இருக்குமா?

சண்டைக்குக் காரணமான பெட்டி, காரின் பின்னால் சங்கிலியும் கொளுக்கியுமாக நின்றது. ஹந்தானைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமையிலிருந்து சக்கரம் வைத்த வீடொன்றைக் கொண்டுவந்திருந்தார். கராஜில் வேலைசெய்த, ஹலீமின் கூட்டாளி பற்றிக் அதைப் பழுதுபார்க்கப் போய், பார்த்து, பெருமூச்சு விட்டு, தேயிலைப் பெட்டிப் பலகைகளாலேயே அதே மாதிரி ஒன்றைச் செய்துவிட்டான். தோட்டத்துப் பெயர்கள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் அதன் மேலெல்லாம் அச்சாகியிருந்தன. தெரு அதற்குப் புறாக்கூடு என்று பெயர் வைத்தது. ஓடும்போது பின்கதவு திறந்துகொள்வதால் வெளியே பூட்டு. ஜன்னலுக்குக் கதவு போடப் பலகை போதவில்லை. அதனால்தான் என்னிடம் திரை தைக்கச் சொன்னார்கள். மஹ்மூத் நானாவின் கடைப் பச்சைச் சீலை, நல்ல கனமானது.

ஹலீமும் பற்றிக்கும், மூன்றாவதாக என் தம்பி லியோனும், இதை இழுத்துக்கொண்டு மலையிறங்கி, காடு கடந்து, தீவின் அந்தக் கரையில் திருகோணமலைக் கடல் வரைக்கும் போவதாகத் திட்டம். ராவில் பெட்டிக்குள்ளேயே படுக்கையாம். கடலைக் கண்ணால் காணாத கண்டிப் பெண்ணுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

“நான் கடல் பாக்கத்தான் போறன்” என்றாள் பாயிஸா கடைசியாக. சத்தம் போடவில்லை. “நீங்க கூட்டிட்டுப் போனாலும் சரி, போகாட்டியும் சரி.”

அன்று பின்னேரமே அவளுக்குக் காய்ச்சல். மலேரியா வந்து ஊரை அள்ளிக்கொண்டு போய் இன்னும் இரண்டு வருஷம் ஆகாத காலம். காய்ச்சல் என்றாலே எல்லார் முகமும் வெளிறிவிடும். அவளுடைய உம்மா ஆஸியா உம்மா கொயினா மருந்தையும் கொடுத்தார், லெப்பை ஓதித் தந்த தண்ணீரையும் கொடுத்தார். மறுநாள் காலையில், அவளைப் பார்க்க ஹலீமை விடவில்லை. கார் கிளம்பிற்று. பின்னால் புறாக்கூடு ஆடி ஆடிப் போனது. வளைவில் திரும்பும்போது பச்சைத் திரை ஒரு கை விலக்கினது போல விலகி மூடியதை நான் பார்த்தேன். காற்று என்றுதான் நினைத்தேன்.

இனி நான் சொல்வது லியோன் சொன்னது. அவன் புகையிரதப் பகுதியில் கிளாக்கர். பொய் சொல்ல மாட்டான். அதற்கு வேண்டிய கற்பனை அவனிடம் கிடையாது.

நாவுலையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார்களாம். கடைக்காரர் ஹலீமின் துருக்கித் தொப்பியைப் பார்த்தார், ஜன்னல் திரையைப் பார்த்தார், உடனே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் காலத்தில் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் திரை போட்ட வண்டியில்தான் தூரப் பயணம் போவார்கள். திரை தொங்கினால் உள்ளே பெண் இருக்கிறாள், அவ்வளவுதான். யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. கடைக்காரர் உள்ளே பார்த்து, “மஸீனா! வண்டில ஈக்கிற புள்ளைக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுபோ” என்றார்.

ஹலீம் மறுக்க வாயெடுத்தான். பற்றிக் அவன் தொடையில் கிள்ளிவிட்டு, “கருப்பட்டியும் குடுத்துவிடுங்க. காலையில இருந்து பாவம், பட்டினி” என்றான். அவன் எதற்கும் விளையாட்டுக்காரன்.

மஸீனா என்கிற சின்னப் பெண், கோப்பையோடு பெட்டியின் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் வந்தாள். கோப்பை காலி. கருப்பட்டியும் இல்லை.

“நீயே குடிச்சிட்டியா பாப்பா?” என்று பற்றிக் சிரித்தான். அந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. காரில் ஏறியும் மூவரும் சிரித்தார்களாம். தம்புள்ளையிலும் அதேதான். அங்கே ஒரு கிழவி வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தோலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு பற்றிக் மட்டும்தான் சிரித்தான்.

ஹபரணையில் காட்டோரக் கடை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரரின் மனைவி தானாகவே தேத்தண்ணி கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் நேரே ஹலீமிடம் வந்து நின்றாள்.

“அல்லாவே, நீங்க மனிசனா? அந்தப் புள்ளட கை நெருப்பா கொதிக்குது. இந்தக் காய்ச்சலோட எங்க இழுத்துட்டுப் போறீங்க?”

பற்றிக் சாவியை எடுத்துப் பின்கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. அரிசிச் சாக்கு, விளக்கு, விரித்த பாய். லியோன் பாயில் கை வைத்துப் பார்த்தான். கைக்குழந்தையை அப்போதுதான் தூக்கியெடுத்த இடம் போல அது சுட்டதாம். பெட்டியை அங்கேயே கழற்றிவிட்டுப் போகலாம் என்றான் பற்றிக். லியோன் செபமாலையை எடுத்துவிட்டான். ஹலீம் மட்டும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, “மெல்லமா ஓட்டுவம், ரோட்டு குலுங்குது” என்றான். யாருக்குக் குலுங்குகிறது என்று மற்ற இருவரும் கேட்கவில்லை.

திருகோணமலைக்குப் பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தார்கள். கடற்கரையில் காரை முன்னும் பின்னுமாக எடுத்து, ஜன்னல் கடலைப் பார்க்கும்படி ஹலீம் பெட்டியை நிறுத்தினான். பிறகு திரைக்கு முதுகு காட்டி மணலில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தான். லியோன் தள்ளி நின்று கேட்டிருக்கிறான். “அது பாய்க்கப்பல். அந்தா தெரியுதே, அது வெள்ளைக்காரன்ட. பயப்பட வேணாம், அலை இங்க வராது.” அவ்வளவுதான் பேச்சு. அன்றிரவு மூவரும் காரிலேயே முடங்கிக் கிடந்தார்கள்.

இங்கே கண்டியில் நான் தினமும் பாயிஸாவைப் போய்ப் பார்த்தேன். அயல் வீடு, காய்ச்சல், போகாமல் இருந்தால்தான் தப்பு. உடம்பு கொதித்தது, கண் மூடியே கிடந்தது. ஒரு நாள் அவள் உள்ளங்கையைப் பிடித்தேன். பிசுபிசுத்தது. கருப்பட்டி வாசம். காய்ச்சல்காரிக்கு யாராவது கருப்பட்டி கொடுப்பார்களா என்று ஆஸியா உம்மாவைப் பற்றி மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் மட்டும் என்று சொல்ல முடியாது; இரண்டு வீடுகளில் சொன்னேன்.

கார் திரும்புவதற்கு முன்பே கதை திரும்பிவிட்டது. மாத்தளையிலிருந்து தேங்காய் லொறி கொண்டுவந்தவன், மஹ்மூத் நானாவின் கடையில் வைத்தே, “மருமகன் பொம்புளையோட போறாரே, எங்களுக்குச் சாப்பாடு போடாமலே நிகாஹை முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டான். நானா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். பேருவளைக்கு ஆள் அனுப்பப்போவதாக அவர் சொன்னது என் அடுப்படி வரைக்கும் கேட்டது.

புறாக்கூடு தெருவுக்குள் நுழைந்தபோது மஹ்மூத் நானா வாசலில் நின்றிருந்தார்.

“எவள் அவள்?”

ஹலீம் தலை குனிந்து நின்றான். லியோன் மாதா மேல் சத்தியம் பண்ணினான். “சத்தியமா ஒருத்தரும் இல்ல நானா, காத்துதான் தேத்தண்ணி குடிச்சிச்சு” என்றான் பற்றிக். அதை வேறு எந்த நேரத்திலும் சொல்லியிருக்கலாம்.

“பொம்புளைக்குத் தேத்தண்ணி குடுத்தவங்க மூணு ஊர்ல ஈக்கிறாங்க! இனி இந்த வாசல் மிதிக்க வேணாம். பாயிஸாவைப் பேருவளைக்குத்தான் குடுக்கிற!”

“நான்தான் வாப்பா.”

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பாயிஸா நின்றாள். காய்ச்சல் அன்று காலையில்தான் விட்டிருந்தது. ஆஸியா உம்மா ஓடிவந்து பிடித்தார். “புள்ள பிசத்துறா. இன்னும் காய்ச்சல் ஈக்கி.”

“நாவுலையில தேத்தண்ணி தந்த புள்ளைக்கு முன்பல்லு ஒண்ணு இல்ல. காலைல இருந்து பட்டினின்னு பற்றிக் அண்ணன்தான் பகிடி பண்ணினார்” என்றாள் பாயிஸா. “ஹபரணையில அந்த மனிசி என்ட கையப் புடிச்சி அழுதா. வண்டில இருந்தது நான்தான். என்னைத் தவிர யாரும் இல்ல.”

பற்றிக்கின் முகத்தில் ரத்தம் இல்லை. அந்தப் பகிடியை அவர்கள் மூவரும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

மஹ்மூத் நானா என் பக்கம் திரும்பினார். தெருவே திரும்பிற்று. “ஐரின், நீங்கதானே தினம் வந்து பாத்தீங்க. உங்கட வேதத்து மேல ஆணையா சொல்லுங்க. புள்ள வீட்டிலதானே இருந்தா?”

என் வாழ்க்கையில் என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிப் பழகியவள் நான். ஆம் என்றால், வண்டியில் போனவள் வேறொருத்தி, பாயிஸா பேருவளைக்கு. இல்லை என்றால், நான் தொட்டுப் பார்த்த அந்த உடம்பு யாருடையது? பாயிஸா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் என்ன சொல்வேன் என்று அறிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் போலத்தான் பார்த்தாள். அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த அந்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஆளில்லாத வீட்டுக்குள் கூப்பிட்டது போலத்தான் இருந்தது.

“பாயில உடம்பு கிடந்துச்சு நானா” என்றேன். “ஆள் இருந்தாளான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாது.”

நான் ‘தெரியாது’ என்று சொன்னதைக் கேட்டுத்தான் தெரு அதிகம் பயந்தது என்று லியோன் பிறகு சொன்னான்.

மஹ்மூத் நானா பேயை நம்புகிறவரல்ல. ஆனால் வியாபாரி. வண்டியில் போனது நான்தான் என்று ஊர் முன்னால் மகளே சொன்ன பிறகு, பேருவளைக்காரர் வருவாரா? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நிகாஹ் முடிந்தது. புரியாணி நன்றாகத்தான் இருந்தது. இறைச்சி கொஞ்சம் குறைவு.

பற்றிக் வத்தேகமயில் ஒரு பேக்கரிக்காரர் மகளைக் கட்டி அங்கேயே கராஜ் போட்டான். புறாக்கூட்டைக் கோழி வளர்க்கிறவர் ஒருவருக்குக் கொடுத்தான். கோழிகள் உள்ளே போக மறுத்ததில் அது விறகாகிப் போனதாம். லியோன் ஹேவாஹெட்டயில் ஒரு தோட்டத்துப் பாடசாலை ரீச்சரைக் கட்டிக்கொண்டு போனான். இந்தக் கதையை இப்போது அவள்தான் ஊரெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்லித் திரிகிறாள். பேருவளைக்காரருக்கும் காலி ஊரில் ஒரு பெண் கிடைத்தது.

ஹலீமும் பாயிஸாவும் திருகோணமலைக்கே குடிபோனார்கள். ஆஸியா உம்மா உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது தகவல் சொல்லிப் பாயிஸாவைக் கூட்டிவர என்னைத்தான் ரயிலேற்றிவிட்டார்கள். நல்ல வெயில் நேரம். கடற்கரைப் பக்கம் சின்ன வீடு. கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பாயிஸா பாயில் காய்ச்சலோடு கண்மூடிக் கிடந்தாள். ஹலீம் அவள் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கணுக்கால்களையும் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, பாயிஸாட உம்மாவுக்கு...”

“தெரியும் ஐரின் அக்கா. காலையிலேயே உம்மாவைப் பாக்கப் போய்ட்டா” என்றான், பிடியை விடாமல்.

மற்றக் கையால் பக்கத்துக் கோப்பைத் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து அவள் பாதங்களைத் துடைத்தான். அந்தக் கரையில் மணல் உப்புப் போல வெள்ளை. கோப்பைத் தண்ணீர் எங்கள் மலைமண்ணின் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது.