பொம்மி தானாக இறங்கவில்லை

மதில்மேட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று வரதன் ஆள் அனுப்பியபோது செண்பகம் போகமாட்டாள் என்றுதான் பக்கத்து வீட்டு மோனிகா நினைத்தாள். மகள் மண்ணுக்குள் போன இடம் அது. செண்பகமோ கூப்பிட்ட உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இன்னாத்துக்குக்கா போற? அந்தாளு தேன் தடவித் தடவிப் பேசுவான். நீ தலையாட்டிக்கினு வந்துடுவ."

"பேசட்டும். மழ பேஞ்ச மறுநாளு எம் பொண்ண அந்தக் குழியில எறங்கச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் போறேன்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைக்குழாய்கள் கண்ணில் படும் தூரத்தில், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிறது மதில்மேடு. ஒரு காலத்தில் அங்கே பெரிய பட்டணம் இருந்தது என்பது கூலித் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கிடக்கும் அகலச் செங்கல்லை எடுத்துவந்துதான் பாதி வீடுகளில் அடுப்பு கட்டியிருந்தார்கள். சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்து தோண்டத் தொடங்கிய பிறகு அது தொன்மையான நகரமாகிவிட்டது. சுற்றிலும் வேலி வந்தது. போன் பாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருந்த செண்பகத்தின் மகள் காயத்ரி தோண்டும் வேலைக்குச் சேர்ந்தாள். சித்திரையில் கோடை மழை கொட்டித் தீர்த்த மறுநாள், குழியின் சுவர் சரிந்து அவளை மூடியது.

அறக்கட்டளையின் மேலாளர் வரதன் வாசலிலேயே காத்திருந்தார். மணவாள நகரிலிருந்து காரில் வந்து போகிறவர். குரலை உயர்த்தியே பேசமாட்டார்.

"பாத்து வாங்கம்மா. இதுதான் கழிவுநீர் வாய்க்கால். அந்தக் காலத்துலயே எவ்வளவு நேக்கா சாய்வு குடுத்திருக்காங்க பாருங்க. அது உறைகிணறு."

செண்பகத்துக்கு எதுவும் புதிதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே காயத்ரி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்தக் கிணற்றைத் தரையில் கரித்துண்டால் வரைந்துகூடக் காட்டினாள். இப்போது அதைச் சுற்றிப் பளபளவென்று கம்பி போட்டிருந்தது.

கொட்டகைக்குள் கண்ணாடிப் பெட்டியில் ஒரு செங்கல் இருந்தது. அதன்மேல் நாயின் காலடி.

"காயறதுக்கு முன்னாடி நாய் ஓடியிருக்கு. எங்க குழு கண்டெடுத்தது," என்றார் வரதன்.

"அம்மா, இன்னிக்கி ஒரு திருட்டு நாயப் புடிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே அன்று வீட்டுக்குள் நுழைந்தவள் காயத்ரி. பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் தள்ளி அந்தக் காலடியை வெளியே கொண்டுவந்தது அவள் கை. பெட்டியின் கீழே அறக்கட்டளையின் பெயர் மட்டும் இருந்தது. செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

தெற்கு மதிலுக்கு வந்தார்கள். காயத்ரி செத்த குழியை மணல் கொட்டி நிரப்பி, மேலே புல் பதித்திருந்தார்கள். அதன் ஓரமாக ஒரு கறுப்புக் கல் துணியால் மூடியிருந்தது. வரதன் துணியை விலக்கினார். பரிசுப் பொருளைப் பிரித்துக் காட்டுகிறவர் முகம் போலிருந்தது அவர் முகம்.

செண்பகம் பத்தாவது வரை படித்தவள். நூலகத்துப் புத்தகங்களை ஒன்று விடாமல் வாசித்தவள். ஆனாலும் அந்தக் கல்லை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. 'இம்மதில் நிலைக்கத் தானே மனமுவந்து அடித்தளத்தில் இறங்கித் தன்னுயிர் ஈந்த பொம்மியின் வழியில், அகழாய்வில் தானே முன்வந்து இறங்கி உயிர்நீத்த காயத்ரியின் தியாகத்துக்கு.'

"தானே முன்வந்துன்னா இன்னா சார்?"

"ஆர்வம்மா. அவங்களுக்கு வேலை மேல அவ்வளவு ஆர்வம். வேணாம்னு சொல்லியும் கேக்காம இறங்கிட்டாங்க."

"வேணாம்னு யாரு சொன்னது?"

"எல்லாரும்தான்."

"ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு ஆழம். ஈரம் காயல. சொவத்துக்கு முட்டுக் குடுக்கல. அதுல எவ சார் ஆசப்பட்டு எறங்குவா?"

வரதன் துணியை மறுபடி இழுத்து மூடினார். "உங்க வேதனை புரியுதுங்க. ஆடி முதல் ஞாயித்துக்கெழம திறப்பு விழா. நீங்கதான் விளக்கேத்தணும். உங்க பொண்ணுக்குப் பெருமை."

"வரேன் சார்," என்றாள் செண்பகம்.

திரும்பும் வழியில் அவள் பொய்களை எண்ணிக்கொண்டே வந்தாள். மகளைப் பற்றிச் சொன்ன பொய் ஒன்று. அதற்குத் துணையாகப் பொம்மியைப் பற்றிச் சொன்ன பொய் இன்னொன்று. பொம்மி எங்கே மனமுவந்து இறங்கினாள்?

பொம்மி கூலித் தெருவின் பெண். மண் வெட்டும் குடும்பம். ராஜா கட்டிய மதிலை ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு இடித்துத் தள்ளியது. ஓர் உயிரை வைத்துக் கட்டினால்தான் நிற்கும் என்று எவனோ சொன்னான். அரண்மனைப் பெண்களில் ஒருத்திக்கும் மனம் உவக்கவில்லை போலிருக்கிறது. கூழ் கொண்டுவந்த பொம்மியைக் கூப்பிட்டு, "மதிலுக்கு அளவு நூல் புடிக்கணும், முனையக் கீழ எறங்கிப் புடி" என்றார்கள். அவள் நூலின் முனையைப் பிடித்து நிமிர்வதற்குள் மேலிருந்து கல்லும் மண்ணும் கொட்டினார்கள். மதில் நின்றது, பட்டணம் வந்தது. கூலித் தெருவில் சொல்லப்படும் கதை இதுதான்.

கதையோடு நிற்கவில்லை. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக்காரர்கள்தானே கோடிப் புடவை எடுத்துப் போக வேண்டும்? போடுவதற்கு முன்னால் எப்படிச் செத்தாள் என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்குத்தானே? அதனால் வருஷாவருஷம் ஆடியில் கூலித் தெருப் பெண்கள் பொம்மிக்குக் கோடி எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார்கள். "எங்க பொண்ணு எப்படி செத்துச்சு?" என்று கேட்பார்கள். ராஜாவின் பக்கம் நின்று, நிலக்காரர்களின் பெரிய தெருவிலிருந்து ஒருவர் தலை குனிந்து, "நாங்கதான் தள்ளுனோம்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகே கோடி விழும். பெரிய தெருக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போன பின்பு தெருவிலேயே ஒருவனை நிறுத்திப் பதில் சொல்லவைத்தார்கள். "தள்ளுனவன் ஏசி ரூம்புல, தள்ளுனேன்னு சொல்றவன் நம்ம ஊட்டு ஆளு" என்று மோனிகா திட்டிக்கொண்டேதான் வருவாள். மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனால் கோடிக்கு அவள்தான் முதல் ஆள். வேலி வந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

விழா நாளன்று பெரியபாளையத்துக்குப் போகும் வேன்கள் வேப்பிலை கட்டிக்கொண்டு சாலையை அடைத்திருந்தன. செண்பகம் முன்னால் போக, தெருப் பெண்கள் பின்னால் வந்தார்கள். மோனிகா கையிலிருந்த தட்டில் மஞ்சள், வளையல், புதுச் சிவப்புப் புடவை. விளக்கேற்ற வந்தவளின் ஆட்கள் என்று காவலாளி விட்டுவிட்டான்.

பந்தலில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரதன் மெழுகுவத்தியைக் கொளுத்திச் செண்பகத்திடம் கொடுத்தார். அவள் அதை ஊதி அணைத்தாள். குத்துவிளக்குக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எங்க பொண்ணு எப்படி செத்துச்சு?"

பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் திருப்பிக் கேட்டார்கள்.

வரதன் ஒரு நொடி விழித்தார். பிறகு முகம் மலர்ந்து, "இந்தப் பகுதியோட நாட்டுப்புறச் சடங்கு, பொம்மிக்காக" என்று விருந்தினர்களிடம் விளக்கினார். அவர்கள் கைதட்டினார்கள். நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

"கை தட்டறீங்களா?" மோனிகா பாய்ந்து முன்னால் வந்தாள். "டிராமாவா காட்டறோம்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கய்யா!"

"பொம்மிக்கும் சேத்துத்தான் கேக்கறேன்," என்றாள் செண்பகம். "ஆனா இப்ப காயத்ரிக்குச் சொல்லுங்க. நான் அவளப் பெத்தவ. யாரு எறங்கச் சொன்னது?"

கைதட்டல் ஓய்ந்தது. பந்தல் காலோரம் நின்ற ரகு ஓரடி முன்னால் வந்தான். கூலித் தெருப் பையன். தோண்டும் ஆட்களுக்கு அவன்தான் மேற்பார்வை. காயத்ரி செத்ததிலிருந்து செண்பகத்தைக் கண்டால் வேறு சந்தில் நுழைந்து போகிறவன்.

"நான்தான் அத்தே."

யாரோ "டேய்" என்று அதட்டினார்கள். அவன் நிறுத்தவில்லை.

"நான்தான் எறங்கச் சொன்னேன். சொவுரு ஈரமா இருக்குது, பயமா இருக்குதுன்னா. அஞ்சு நிமிசம்தான், சீக்கிரம் சொரண்டிட்டு ஏறிடுன்னேன்."

செண்பகத்தின் கை தானாக ஓங்கியது. அடிக்கவில்லை. அடித்தால் இவனோடு முடிந்துவிடும்.

"உன்னாண்ட யாரு சொன்னது?"

"மத்தியானம் ஆளுங்க பாக்க வராங்க, போட்டோ எடுக்கணும், குழி சொவத்த செதுக்கிச் சுத்தமா வைக்கணும்னு..." அவன் வரதனைப் பார்த்தான். "முட்டுக் குடுக்கக் கட்ட வாங்கணும் சார்னு சொன்னேன். அடுத்த வாரம் பாக்கலாம்னு சொன்னாரு."

"ரகு, நீ உணர்ச்சிவசப்பட்டுப் பேசற," என்றார் வரதன். குரல் அப்போதும் உயரவில்லை. "இது துக்க வீடு மாதிரிம்மா. விழா முடியட்டும், உக்காந்து பேசலாம்."

"துக்க வீடுன்னு இப்பத்தான் தெரியுதா சார்? காலையிலருந்து மேளம் வாசிக்கறீங்க! எம் பொண்ணு தானா எறங்கல. பொம்மியும் தானா எறங்கல. கல்லுல செதுக்கி வச்சா எறங்குனதா ஆயிடுமா?"

மோனிகா தட்டைப் பார்த்தாள். "கோடியப் போட்டுடலாமாக்கா? பையன் சொல்லிட்டானே."

"கூடாது. சொல்ல வேண்டியவரு இன்னும் சொல்லல."

பந்தோபஸ்துக்கு வந்திருந்த பெண் எஸ்.ஐ. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அவங்களாவே இறங்குனாங்கன்னுதான தம்பி அன்னிக்கி நீயும் வாக்குமூலம் குடுத்த?"

"ஆமா மேடம். சொல்லச் சொன்னாங்க."

"இப்ப சொன்னத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியா?"

ரகு தலையை ஆட்டினான். ஆனால் அவன் கண் வேலிப் பக்கம் போனது, பிறகு வரதனின் கார் நின்ற பக்கம். செண்பகம் அதைக் கவனித்தாள். ஸ்டேஷனுக்குப் போவதற்குள் எத்தனை பேர் இவனை மடக்குவார்கள், எத்தனை இனிப்பாகப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஆட்டோவக் கூப்பிடு மோனிகா," என்றாள். "நானும் கூடப் போறேன்."

ஆட்டோவில் ரகு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தான். "என்ன மன்னிச்சுடு அத்தே," என்று அழுதான்.

"அதெல்லாம் கேக்காத. அத நான் குடுக்கப் போறதில்ல."

வண்டி மதில்மேட்டைத் தாண்டிச் சாலையில் ஏறியது. வேப்பிலை வேன்களுக்கு நடுவே நின்று நின்று போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் செண்பகம் அவன் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.