இரண்டரை அங்குலம்

"பேர் எழுதாதவங்க யாரும் சுடக் கூடாது" என்றார் வெர்ல்.

சுடுதளத்தில் ஏழு பேர் நின்றார்கள். ஆறு ஆண்களும் மார்னாவும். ஒவ்வொருவருக்கும் எதிரே ஏழு கஜ தூரத்தில் ஆள் உயரக் காகிதம். அதில் ஒரு பெண். அவள் கழுத்தை முழங்கையால் வளைத்துப் பிடித்தபடி பின்னால் ஒருவன். அவள் தலைக்கு மேல் அவனுடைய கண்களும் நெற்றியும் மட்டும்தான் தெரிந்தன. கீழே எல்லாம் அவள்.

வெர்ல் முன்பு ஷெரீஃப் அலுவலகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவர். ஐடஹோ மாநிலத்தின் இந்தப் புதர்வெளியில் மாதம் ஒரு சனிக்கிழமை கார்பைன் என்ற குட்டை ரைஃபிளைச் சுடக் கற்றுத் தருகிறார். பேர் எழுதுவது அவர் வகுப்பின் சட்டம்.

"அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரோ, அவங்க பேரை நெஞ்சுல எழுதுங்க. அப்பத்தான் கை நடுங்கும். நடுங்கட்டும்."

மை பேனா கை மாறி வந்தது. பக்கத்தில் நின்ற லமார், உருளைக்கிழங்கு விவசாயி, தன் நாயின் பெயரை எழுதினார்.

"ஏன் லமார், வீட்டுக்காரம்மா இல்லையா?" என்றார் வெர்ல்.

"என் பொண்டாட்டியை எவன் பிடிச்சு வச்சுப்பான்? அரை மணி நேரத்துல அவனே வாசல்ல கொண்டாந்து விட்டுட்டு மன்னிப்பும் கேட்டுட்டுப் போவான்."

எல்லாரும் சிரித்தார்கள். மார்னாவும் சிரித்து வைத்தாள். பிறகு எழுதினாள்: பிரின்லி.

அவளுடைய பெண். பதின்மூன்று வயது.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே போல் ஒரு பிடி. காகிதத்தில் அல்ல, அவள் சமையலறையில். பிடித்தவன் பிரின்லியின் அப்பா ட்ராய். கையில் கத்தி. போலீஸ் வந்து பேசிப் பேசி அவனைக் கத்தியைக் கீழே போட வைப்பதற்குள் நாற்பது நிமிடங்கள் ஓடிவிட்டன. அன்று பிரின்லியின் உச்சந்தலை அவன் மோவாயைத் தொட்டது. அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. அதற்கப்புறம் பெண் ஐந்து அங்குலம் வளர்ந்துவிட்டாள். கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. இப்போது பிடித்தால் எது தெரியும், எது மறையும் என்பதை மார்னா அந்தக் காகிதத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை ட்ராய் விடுதலை. சிறையிலிருந்து பதிவு செய்த குரல் ஒன்று போனில் சொன்னது. பக்கத்து மாநிலத்தில், ஸ்போகேன் நகரில் இருக்கும் அக்கா ஷெரீ, "ரெண்டு பேரும் கிளம்பி இங்க வந்துடுங்க" என்று கெஞ்சினாள். மார்னா மறுத்துவிட்டாள். என் வீடு. நான் ஏன் ஓட வேண்டும்? வரட்டும். துப்பாக்கி இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. வசந்தம் வந்தால் வயல் அணில்களைச் சுடுவது அவள் பொழுதுபோக்கு. பிக்கப் வண்டியின் முன்மூடியில் கார்பைனைச் சாய்த்து, ஐம்பது கஜத்தில், குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை அணில் மேல் வைத்தால் அணில் காலி. இன்று காலையிலும் ஐம்பது கஜத்தில் எல்லாரையும்விட நன்றாகச் சுட்டது அவள்தான்.

"ஒரே தோட்டா. மூணு நொடி" என்றார் வெர்ல். "தயாரா?"

விசில்.

மார்னா கார்பைனைத் தூக்கினாள். சேஃப்டி பூட்டு விலகியது. சிவப்புப் புள்ளி அவன் இரு கண்களுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. ஆடவில்லை. விசையை அழுத்தினாள்.

காகிதம் துடித்தது. அவன் முகத்தில் ஓட்டை இல்லை.

பிரின்லியின் நெற்றியில் இருந்தது.

காதுக்கவசத்துக்குள் தன் மூச்சுச் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது.

"புள்ளியை எங்க வச்சே?" வெர்ல் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவன் கண்ணு நடுவுல. சத்தியமா. அசையவே இல்ல."

"தெரியும். பார்த்துட்டுத்தான் இருந்தேன். அதான் பிரச்சினையே." அவர் அவள் துப்பாக்கியின் மேல் விரல் வைத்தார். "நீ பார்க்கிற கண்ணாடி இங்க இருக்கு. தோட்டா வர்ற குழல் இங்க, கீழ. நடுவுல ரெண்டரை அங்குலம். அம்பது கஜத்துல பார்வையும் தோட்டாவும் ஒண்ணா சேர்ந்துக்கும். ஏழு கஜத்துல சேராது. நீ பார்த்த இடத்துக்கு ரெண்டரை அங்குலம் கீழதான் தோட்டா போகும். அணில் சுடுறவங்க எல்லாரும் இங்க வந்து செய்யற தப்பு இது. உயர்த்திப் பிடி. அவன் முடி தொடங்குற இடத்துல புள்ளியை வை."

"இது தெரியாம நான்..."

"இப்பத் தெரிஞ்சுடுச்சுல்ல? இந்தா, ஒட்டு." கறுப்பு ஒட்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்.

இரண்டு வருடமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். மார்னா நடந்து போய்ப் பெண்ணின் நெற்றியில் கறுப்புத் துண்டை ஒட்டினாள். கோணலாக ஒட்டியது.

மதியத்துக்குப் பிறகு பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் விசில், மூன்று நொடி, ஒரு தோட்டா. மார்னா முடிக்கோட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாம் அவன் கண்களுக்கு நடுவே ஒரே கொத்தாக. ஆறாவது சுற்றில் வெர்ல் காதருகே வந்து, "வேகமா! வேகமா! அவ கத்துறா!" என்று கத்தினார்.

அந்தச் சுற்றில் கை பழைய பழக்கத்துக்குப் போனது. புள்ளி கண்ணுக்கு நடுவே போய் நின்றது. சுட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கறுப்புத் துண்டின் ஓரத்தில் புது ஓட்டை.

மீதி நான்கும் சரியாகவே விழுந்தன.

"பத்துக்கு ஒன்பது!" வெர்ல் கைதட்டினார். "இந்த வருஷம் என் வகுப்புல இதுதான் முதல்."

"சிஸ்டர், இனிமே எங்க ஆறு பேரையும் யாராச்சும் மிரட்டினா உங்க பின்னாடிதான் ஒளிஞ்சுப்போம்" என்றார் லமார். அவர் எடுத்தது ஐந்து.

மார்னா கார்பைனைக் காலி செய்து, வெர்லிடம் காட்டி, பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். காகிதத்தைக் கழற்றினாள். ஒன்பதை அவள் பார்க்கவில்லை. பெயர் உள்பக்கம் போகும்படி சுருட்டினாள்.

வண்டியில் ஏறியதும் போன் அடித்தது.

"அம்மா! எப்படிச் சுட்டே?"

"பத்துக்கு ஒன்பது."

"செம! அப்ப அவர் வந்தாலும் பயமில்ல. வியாழக்கிழமை என் ஓட்டப் பந்தயத்துக்கு நாம இங்கதானே இருப்போம்?"

காற்றில் புழுதி எழும்பி கண்ணாடியில் அறைந்தது. பக்கத்து சீட்டில் காகிதச் சுருள் மெல்ல உருண்டது. மார்னா அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"பிரின், உன் பெரிய பையை எடுத்து வை. ஷெரீ பெரியம்மா வீட்டுக்குப் போறோம். இன்னிக்கே."

"என்னம்மா? ஓட மாட்டோம்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன்."

"ஒன்பது அடிச்சிருக்கியே!"

"ஆமாடா கண்ணு" என்றாள் மார்னா, சாவியைத் திருகிக்கொண்டே. "ஒண்ணை விட்டுட்டேன்."